சாப்பிடவில்லை, அதனால் ஊசி போடவில்லை: பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

48 வயதுப் பெண். பாலக்கோடு அருகே ஒரு கிராமம். தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. எடை 56 கிலோ. சர்க்கரை நோய் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன, கடைசி 6 ஆண்டுகளாக இன்சுலின். 30/70 கலவை இன்சுலின் காலை 24 யூனிட், இரவு 14 யூனிட். மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. மூன்று மாதங்களுக்கு முன் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை 10 மி.கி. சேர்க்கப்பட்டது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4.

இந்த வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கும் ஒரே மாதிரியான நோயாளிகளின் விவரங்களைக் கோத்து ஒரே நோயாளியாக எழுதியிருக்கிறோம். இதிலுள்ள டோஸ்கள் இந்த எடைக்கும் இந்தச் சிறுநீரகத்துக்கும் கணக்கிட்டவை. வேறொருவர் இதைப் பார்த்து அப்படியே போட்டுக்கொள்ளக் கூடாது.

முதல் மூன்று நாட்கள்

ஆடி மாதம், ஊர்த் திருவிழா, கெடா வெட்டு. மறுநாள் விடிகாலையிலிருந்து வாந்தி, ஐந்தாறு முறை பேதி. அன்று காலை ஊசியை நிறுத்திவிட்டார். "சோறு தண்ணி இல்லாம ஊசி போட்டா கிறுகிறுன்னு வந்துடுமுங்க" என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் பயம் நியாயமானதுதான். முன்பு இரண்டு முறை லோ சுகரில், அதாவது சர்க்கரை மிகவும் இறங்கி, விழுந்தவர். ஆனால் ஊசியை நிறுத்தியவர், மாத்திரைகளை விடாமல் விழுங்கினார். நிறுத்த வேண்டியது தொடர்ந்தது, தொடர வேண்டியது நின்றுபோனது.

இரண்டாம் நாள் பேதி நின்றது, வாந்தி நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள்: 198. சுகர் பரவாயில்லை என்று வாந்திக்கு ஊசியும் ஒரு பாட்டில் சலைனும் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மதியம் வயிற்று வலி, மூச்சு இரைப்பு, லேசான தடுமாற்றம். தருமபுரிக்குக் கொண்டு வந்தபோது நாடி 118, ரத்த அழுத்தம் 96/60, மூச்சு நிமிடத்துக்கு 30, நாக்கு காய்ந்திருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பேதி நின்ற பிறகும் வாந்தியும் வயிற்று வலியும் தொடர்ந்தால், அது இனி வயிற்றுக் கோளாறாக மட்டும் இருக்க வாய்ப்பு குறைவு. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறினாலே வாந்தி வரும், வயிறு வலிக்கும். வயிறு கெட்டதால் ஊசி நின்றது, ஊசி நின்றதால் கீட்டோன் ஏறியது, கீட்டோன் ஏறியதால் வாந்தி நிற்கவில்லை. இரண்டாவது வாந்தியை முதல் வாந்தியின் தொடர்ச்சி என்று நினைத்ததில் ஒரு நாள் போயிற்று.

சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். காய்ச்சல், வாந்தி, நீர்ச்சத்துக் குறைவு என்று உடம்பு தத்தளிக்கும்போது கார்டிசோல், அட்ரினலின், குளுக்கோகான் எல்லாம் ஏறி அந்த உற்பத்தியை இன்னும் கூட்டும். அதற்குக் கடிவாளம் போட அடிப்படை இன்சுலின் வேண்டும். அது இல்லாவிட்டால் கொழுப்பு உடைந்து கீட்டோன் பெருகும். சாப்பாட்டுக்கான இன்சுலினைத்தான் சாப்பாட்டோடு குறைக்கலாம். கலவை இன்சுலினில் இரண்டும் ஒரே குப்பியில் இருக்கின்றன: 24 யூனிட்டில் சுமார் 7 யூனிட் சாப்பாட்டுக்கான ரெகுலர், 17 யூனிட் மெதுவாக வேலை செய்யும் என்.பி.எச். ஒன்றை விட்டு ஒன்றைப் போட வழியில்லை. அதனால்தான் இவர் மொத்தமாக விட்டார்.

சர்க்கரை ஏன் 198-லேயே நின்றது? டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். மீட்டரில் எண் அழகாகத் தெரியும், உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். இந்த மருந்து நல்ல மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அதனால் கிடைக்கும் பலன் உறுதியானது. 2020-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு சிற்றூர்களிலும் பலர் சாப்பிடுகிறார்கள். "வாந்தி பேதி வந்தால் அன்றே நிறுத்துங்கள், சாப்பாடு சரியான பிறகே தொடங்குங்கள்" என்ற ஒரு வரி அந்த மாத்திரை அட்டையோடு அவர்கள் கையில் போய்ச் சேருவதில்லை என்பதுதான் வருத்தம்.

அனுமதியின்போது பார்த்தவை

சர்க்கரை 226. பிஎச் 7.14, அதாவது ரத்தத்தில் அமிலம் மிகுந்திருக்கிறது. அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 9. சோடியம் 133, குளோரைடு 98. ரத்தத்தில் சேர்ந்த கூடுதல் அமிலத்தைக் காட்டும் அனயான் கேப் (சோடியத்திலிருந்து குளோரைடும் பைகார்பனேட்டும் போக மீதி) 133-லிருந்து 107 போக 26, வழக்கமாக இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சிறுநீரில் கீட்டோன் 3+. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7. பொட்டாசியம் 3.2.

இவற்றில் உடனே கையைக் கட்டிப்போட்ட எண் கடைசி எண். கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் அமிலம் ரத்தத்தில் பெருகிய நிலை) என்றவுடன் கை இன்சுலின் பம்புக்குப் போகும். ஆனால் இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். அமிலம் ஏறியிருக்கும்போது பொட்டாசியம் பொதுவாக உயர்ந்தோ இயல்பாகவோ தெரியும். அப்போதும் 3.2 என்றால், மூன்று நாள் வாந்தியிலும் பேதியிலும் உடம்பின் கையிருப்பு நன்றாகவே வடிந்திருக்கிறது என்று பொருள். 3.5-க்குக் கீழே இன்சுலினைத் தொடங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். எனவே முதல் மணி நேரத்தில் 1 லிட்டர் நார்மல் சலைன். சிறுநீர் இறங்குவதை உறுதி செய்த பின், இசிஜி மானிட்டரில் வைத்து, பொட்டாசியம் குளோரைடு மணிக்கு 20 மில்லிமோல். ஒரு 10 மி.லி. ஆம்பியூலில் அந்த அளவு இருக்கிறது, அதை எப்போதும் சலைனில் கலந்து மெதுவாகவே ஏற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 3.6. அதற்குப் பிறகுதான் இன்சுலின், கிலோவுக்கு 0.1 யூனிட், அதாவது மணிக்குச் சுமார் 5.5 யூனிட்.

இன்சுலினோடு கூடவே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், மணிக்கு 125 மி.லி. இதைப் பார்த்துவிட்டு மகன் ஓடி வந்தார். "சுகர் பேஷன்டுக்குப் போய் குளுக்கோஸ் ஏத்துறீங்களே சிஸ்டர்!" கேட்க வேண்டிய கேள்வி. கீட்டோனை அணைப்பது இன்சுலின். சர்க்கரை 226-இல் இருப்பவருக்கு வெறும் இன்சுலினை ஓட்டினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் லோ ஆகிவிடும், பயந்து இன்சுலினை நிறுத்துவோம், கீட்டோன் திரும்ப ஏறும். தொடர்ந்து இன்சுலின் ஓட வேண்டுமானால் அதற்குத் தீனியாகக் குளுக்கோஸ் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் இன்சுலின் மணிக்கு 3 யூனிட்டாகக் குறைக்கப்பட்டது, நிறுத்தப்படவில்லை. பிஎச் 7.3-ஐத் தாண்டி பைகார்பனேட் 18-ஐத் தொட ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. டாபாகிளிஃப்ளோசின் கடைசி மாத்திரைக்குப் பிறகும் சில நாட்கள் வேலை செய்யும், அதனால் இந்த வகையில் மீட்சி மெதுவாகத்தான் இருக்கும். தோலடி ஊசியைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்தே நரம்பு வழி இன்சுலினைக் கழற்றினார்கள்.

வார்டில் தெரிந்த இரண்டாவது சிக்கல்

அனுமதியான நான்காம் நாள் பழைய கலவை ஊசி திரும்பத் தொடங்கியது. காலை 7.30-க்கு 24 யூனிட். 8 மணிக்கு வீட்டிலிருந்து வந்த களி, கீரைக் கடைசல். 10 மணிக்குச் சர்க்கரை 61. மதியம் 1 மணிக்கு, எதுவும் சாப்பிடும் முன், 274. இரவும் அதே கோலம்: 7.30-க்கு ஊசி, 8-க்குச் சாப்பாடு, 10.30-க்கு 68, விடிகாலை 3 மணிக்கு 262.

முதலில் எளிய காரணங்களை ஒதுக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்திய சிரிஞ்சைக் கொண்டு வரச் சொன்னோம். அரசு மருத்துவமனையில் தரும் குப்பி மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கானது. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 24 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 9.6 யூனிட்தான். இவரிடம் இருந்தது சிவப்பு. ஊசி போடும் இடத்தில் கட்டி இல்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, ஆனால் ஈர மணலில் வைத்த மண்சட்டிக்குள் குப்பி பத்திரமாக இருந்தது.

மீதி இருந்தது வயிறு. "காலையில் வாந்தி வந்தால் ராத்திரி சாப்பிட்டது அப்படியே தெரியுதாம்மா?" என்று கேட்டபோது உடனே தலையாட்டினார். மாதக்கணக்காகவே அப்படித்தான். நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும், சாயங்காலம் வரை ஏப்பத்தில் காலைச் சாப்பாட்டு வாசனை வரும். பாதம் மரத்திருந்தது. படுத்திருக்கும்போது 128/78 இருந்த ரத்த அழுத்தம் எழுந்து நின்றதும் 100/66. இரவு முழுதும் பட்டினி இருந்து காலையில் செய்த எண்டோஸ்கோபியில் இரைப்பையில் உணவு மிச்சம், அடைப்பு எதுவும் இல்லை. நீண்ட காலச் சர்க்கரையால் இரைப்பை நரம்பு தளர்ந்து, உணவு இறங்கத் தாமதமாகும் நிலை: காஸ்ட்ரோபரீசிஸ். உறுதிப்படுத்தும் சோதனை, கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து 4 மணி நேரம் படம் எடுப்பது. அப்போது 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் நோய் உறுதி. சர்க்கரை மிக உயர்ந்திருக்கும் நாளில் அதைச் செய்யக் கூடாது, உயர்ந்த சர்க்கரையே இரைப்பையை மந்தமாக்கிவிடும்.

ரெகுலர் இன்சுலின் போட்ட அரை மணியில் வேலை தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். இவருடைய களி அந்த நேரத்தில் இன்னும் இரைப்பையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்சுலின் வந்து பார்த்துவிட்டு, எடுக்கச் சர்க்கரை இல்லாமல் ரத்தத்திலிருந்ததை எடுத்துவிடுகிறது. 61 அப்படி வந்தது. இன்சுலின் அடங்கிய பிறகு களி இறங்குகிறது. 274 அப்படி வந்தது. லோவை மட்டும் பார்த்தவர் டோஸைக் குறைப்பார், பின்மதியம் 350 ஆகும். ஹையை மட்டும் பார்த்தவர் டோஸைக் கூட்டுவார், காலை 10 மணிக்கு மயக்கம் வரும். இந்தப் பெண்ணின் பழைய சீட்டுகளில் இரண்டும் மாறி மாறி நடந்திருந்தன. டோஸில் பெரிய தவறு இல்லை, நேரத்தில்தான் தவறு. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட 2 மணியிலும் மட்டும் பார்த்தால் இது சிக்காது. சாப்பிட்ட 5 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும்.

களி இந்த மாவட்டத்தின் சாப்பாடு, சர்க்கரைக்கு நல்லது என்று நாமே சொல்லி வளர்த்தது. இரைப்பை சரியாக இயங்குபவருக்கு அது மெதுவாக இறங்குவது நன்மை. இயங்காதவருக்கு அதே குணம் வில்லங்கம். அதற்காகக் கேழ்வரகையே விடச் சொல்வது அநியாயம். மாவைச் சலித்து, 30 கிராம் எடுத்து, 300 மி.லி. கஞ்சியாகக் காய்ச்சினால் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. திரவமாக இருப்பதால் களியைவிட வேகமாக இறங்கும். அவருக்குச் சொன்னது: மூன்று வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளை. களி கால் உருண்டை, மதியம் மட்டும், பருப்புத் தண்ணீரில் குழைத்து. இட்லி, குழைந்த தயிர்சாதம், முட்டை போன்றவை. முழுக் கொள்ளு, நார்க் கீரை, கறிக்குழம்பின் எண்ணெய் ஆகியவற்றை ராத்திரியில் தவிர்க்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, தெருவில் இரண்டு நடை.

இன்சுலின் இரண்டு குப்பிகளாகப் பிரிந்தது. கலங்கலான என்.பி.எச். காலை 12, இரவு 10 மணிக்கு 8. தெளிந்த ரெகுலர் 5, 5, 4, சாப்பிட்டு முடித்த பிறகு. பாதி சாப்பிட்டால் பாதி டோஸ். வாந்தி வந்தால் அந்த வேளை ரெகுலர் கிடையாது. மொத்தம் 34 யூனிட். போட்டதும் வேகமாக வேலை செய்யும் புதிய வகை அனலாக் இன்சுலினைவிட, மெதுவாக எழும் பழைய ரெகுலர் மந்தமான இரைப்பைக்கு ஒத்துப்போகும். விலை குறைந்ததே இங்கே பொருத்தமானதும்கூட. இசிஜி சரியாக இருந்ததால், இரைப்பையை இயக்கிவிடும் டொம்பெரிடோன் 10 மி.கி., சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன். டாபாகிளிஃப்ளோசின் இவருக்கு இனி வேண்டாம் என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்டது.

லோ வந்தால் பிஸ்கட் உதவாது, அதுவும் இரைப்பையில் போய் நிற்கும். 3 டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வயிறு கெட்ட நாளுக்கான சீட்டு

வீட்டுக்குப் போகும்போது, மகள் படித்துச் சொல்லும்படி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தது இது.

வாந்தி அல்லது பேதி தொடங்கினால் 4 மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கவும், ராத்திரியும்தான். வாந்தி இருந்தால் சர்க்கரை எண் எதுவானாலும் சிறுநீர்க் கீட்டோன் ஸ்ட்ரிப் பார்க்கவும். நிறத்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் வினாடிக் கணக்கில் ஒப்பிடவும். மூடியைத் திறந்து வைத்தால் மிச்ச ஸ்ட்ரிப்புகள் ஈரம் பட்டு வீணாகும்.

மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் அன்றே நிறுத்தவும். நீர் வற்றிய உடம்பில் முதலாவது லாக்டிக் அமிலத்தை ஏற்றலாம், இரண்டாவது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு தொடங்கவும். வலி மாத்திரை எதுவும் வாங்கிப் போட வேண்டாம். (கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். சாப்பிடாத வயிற்றில், சிறுநீரகம் மந்தமானவருக்கு, அதன் லோ ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும்.)

கலங்கல் மருந்தை நிறுத்தக் கூடாது. சர்க்கரை 180-க்கு மேல்: முழு டோஸ். 100 முதல் 180, சாப்பாடு இல்லை: முக்கால். 100-க்குக் கீழ்: பாதி போட்டுவிட்டு உடனே போன் செய்யவும். 70-க்குக் கீழ்: முதலில் சர்க்கரைத் தண்ணீர், எண் ஏறிய பிறகு ஊசி பற்றிக் கேட்கவும்.

தெளிந்த மருந்து, சாப்பாடு இல்லாவிட்டால், 250-க்கு மேல் மட்டும்: 2 யூனிட். 300-க்கு மேல்: 3. கணக்கு இது: 1500-ஐ ஒரு நாள் மொத்த டோஸான 34-ஆல் வகுத்தால் 44. ஒரு யூனிட் சர்க்கரையைச் சுமார் 44 மி.கி. இறக்கும். அடுத்த ரெகுலர் 6 மணி நேரத்துக்குள் வேண்டாம், முந்தையது உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

திரவம்: ஓஆர்எஸ், மணிக்கு ஒரு டம்ளர், 5 நிமிடத்துக்கு இரண்டு மிடறாக. சர்க்கரை நோயாளிகள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ், 200 மி.லி. டம்ளரில் 2.7 கிராம், ஒரு டீஸ்பூன் சர்க்கரையைவிடக் குறைவு. பாக்கெட்டில் அந்த 13.5 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வருபவை பல மடங்கு சர்க்கரை கொண்டவை. அவை ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், கிரியாட்டினின் ஏறியிருக்கும் இவருக்கு நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஓஆர்எஸ் மட்டும் போதாது, 4 மணி நேரத்துக்கு 45 கிராம் மாவுச்சத்தாவது கஞ்சியாகவோ சர்க்கரைத் தண்ணீராகவோ உள்ளே போக வேண்டும். பட்டினியும் கீட்டோனை ஏற்றும்.

கிளம்ப வேண்டிய நேரம்: 4 மணி நேரமாகத் தண்ணீரே தங்கவில்லை, கீட்டோன் 2+, மூச்சு இரைக்கிறது, தூக்கக் கலக்கம், 300-க்கு மேல் இரண்டு முறை, 70-க்குக் கீழ் இரண்டு முறை, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. சித்தேரி மலை, பென்னாகரம் காட்டோரம் என்று தொலைவில் இருப்பவர்களுக்கு இந்த அளவுகோலை இறக்கித்தான் சொல்ல வேண்டும்: கீட்டோன் 1+ என்றாலே, வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட வேண்டும்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாதம் ஒரு முறை மாத்திரையோடு வாசலுக்கு வருபவரே, "வாந்தி பேதி வந்தா இதையெல்லாம் நிறுத்திடுங்கம்மா, ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க" என்று சொன்னால் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

மூன்று மாதங்களுக்குப் பிறகு

ஐப்பசி மழையில் மறுபடி ஒரு வயிற்றுப்போக்கு. காலை 5 மணிக்கு வாந்தி. சர்க்கரை 214, கீட்டோன் மிக லேசான நிறம். மாத்திரைகளை நிறுத்திவிட்டு, 7 மணிக்கு என்.பி.எச். 12 முழுதாகப் போட்டார். 11 மணிக்கு 188, ஆனால் கீட்டோன் 1+. போன் வந்தது. கீட்டோன் ஏறுகிறது, சர்க்கரை ஏறவில்லை என்றால் உள்ளே போக வேண்டியவை இரண்டு: மாவுச்சத்தும் இன்சுலினும். 200 மி.லி. அரிசிக் கஞ்சியில் 2 டீஸ்பூன் சர்க்கரை கலந்து, மெதுவாகக் குடித்து, அரை மணி நேரம் தங்கிய பிறகு ரெகுலர் 2 யூனிட். பிற்பகல் 3 மணிக்கு 151, கீட்டோன் மங்கியிருந்தது. இரவு 10 மணிக்கு 132. சாப்பாடு பாதிதான், எனவே என்.பி.எச். 8-க்குப் பதில் 6. மறுநாள் காலை 118, கீட்டோன் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கவில்லை.

எச்பிஏ1சி இப்போது 8.1. காலை 10 மணி லோ நின்றுவிட்டது. கிரியாட்டினின் 1.1. மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிட்டதால் வைட்டமின் பி12 அளவு பார்க்கப்பட்டது, குறைவாக இருந்தது, ஊசி தொடங்கியிருக்கிறது. காலை வாந்தி முழுக்க நிற்கவில்லை, வாரத்தில் ஒரு நாளாவது வருகிறது. இரைப்பைப் படச் சோதனைக்கு வெளியூர் அனுப்பச் சீட்டு எழுதியாயிற்று. இரவு என்.பி.எச். 8-ஐ 7 ஆக்குவதா என்பது, மகள் குறித்துக்கொண்டு வரும் விடிகாலை 3 மணி அளவுகளைப் பார்த்த பிறகு முடிவாகும்.